மைலும் நாழிகையும்

"ஐயா, இலண்டன் தூரமோ, சிட்னி தூரமோ?"

இலக்கண வகுப்பு முடிந்து புத்தகத்தை மூடுகின்ற வேளையில் மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் இவ்வாறு வினவினான். வேற்றுமைத் தொகையிலோ புணர்ச்சியிலோ ஐயம் கேட்பான் என எதிர்பார்த்திருந்த எனக்கு இவ்வினா வியப்பை அளித்தது. சுவரிலே தொங்கிய உலகப் படத்தைக் காட்டி, "இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரந்தான். கொழும்பிலிருந்து இலண்டன் 8,700 கிலோமீற்றர். சிட்னியும் 8,700க்குச் சற்று மேல். அவ்விரண்டு நகரங்களுக்கும் இடையே 17,000 கிலோமீற்றர். நாம் நட்ட நடுவில் இருக்கிறோம்" என்றேன்.

அவன் முகம் தெளியவில்லை. "அப்படியெண்டால் அண்ணர் ஏன் பிந்தினவர்?" என்றான்.

விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. அவனுடைய அப்பாச்சி காலமாகிவிட்டார். அக்கா சிட்னியிலும் அண்ணர் இலண்டனிலும் இருக்கின்றனர். செய்தி இருவருக்கும் ஒரே வேளையிற் சென்றது. இருவரும் அன்றே புறப்பட்டனர். அக்கா வந்து முகத்தைப் பார்த்துவிட்டார். அண்ணர் இடையிலே ஒரு விமானத்தைத் தவறவிட்டு, காடாற்று நாளிலேதான் வீட்டு வாசலை மிதித்தார். அதன் பின்னர் அண்ணர் எவருடனும் அதிகம் பேசவில்லையாம்.

உலகப் படத்திலே தூரம் ஒன்று. வீட்டு வாசலிலே தூரம் வேறு. அன்று அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. ஆயினும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான அந்த நெடுவழியின் வரலாற்றைத் தேடி வாசிக்கலானேன். வாசிக்குந்தோறும், நமது சிறிய தீவு அவ்வழியின் நடுவிலே ஒரு காலத்தில் எவ்வாறு நின்றது என்பதையும் அறிந்தேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

நாழிகை வழி

தூரத்தைக் காலத்தால் அளப்பது இக்காலத்து இளைஞர் கண்டுபிடித்த புதுமையன்று. நம் முன்னோர் அவ்வாறே அளந்தனர். 'நாழிகை வழி' என்பது ஒரு நீட்டலளவை. ஒரு நாழிகைப் பொழுதில், அஃதாவது இருபத்து நான்கு நிமிடத்தில், ஒருவன் நடந்து கடக்கக்கூடிய தூரமே அது. இக்காலக் கணக்கில் ஒன்றேகால் மைலுக்கும் ஒன்றரை மைலுக்கும் இடைப்பட்டது. நடப்பவன் இல்லையேல் அவ்வளவையும் இல்லை. 'கூப்பிடு தூரம்' என்பதும் அத்தகையதே. அங்கே அளவுகோல் மனிதனுடைய குரல். ஆங்கிலேயர் வந்து வீதியோரத்தில் மைற்கற்களை நாட்டிய பின்னரே, 'சந்தி இங்கிருந்து மூன்று கட்டை' என்று நாம் பேசத் தொடங்கினோம். கட்டை நடப்பவனை அறியாது. கிழவன் நடந்தாலும் இளைஞன் ஓடினாலும் மூன்று கட்டை மூன்று கட்டையே.

ஆகவே தூரத்துக்கு இரண்டு முகங்கள் உள. ஒன்று நிலத்துக்குரியது, அது மாறுவதில்லை. மற்றையது மனிதனுக்குரியது, அது அவனுடைய காலுக்கும் ஊர்திக்கும் காலநிலைக்கும் கைப்பொருளுக்கும் ஏற்ப மாறுவது. மாணவன் கேட்டது இந்த இரண்டாவது தூரத்தைப் பற்றி. யான் கூறியதோ முதலாவதைப் பற்றி. எங்கள் உரையாடலில் நேர்ந்த வழு இதுவே.

இருபத்தெட்டு நாள்

இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வான்வழியாக முதன்முதலிற் சென்றோர் நால்வர். ரொஸ் சிமித், கீத் சிமித் என்னும் சகோதரர் இருவரும் பெனற், சியேர்ஸ் என்னும் பொறிவல்லார் இருவரும் 1919 நவம்பர் 12ஆந் திகதி இலண்டனின் புறத்தேயுள்ள ஹவுன்சிலோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10ஆந் திகதி டார்வின் நகரிலே தரையிறங்கினர். அவர்கள் சென்றது விக்கர்ஸ் விமி என்னும் இரட்டைச் சிறகடுக்கு விமானம், மேலே கூரையில்லாதது. முப்பது நாளுக்குள் வந்து சேரும் அவுஸ்திரேலியர்க்கு 10,000 பவுண் தருவதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்திருந்தது. அவர்கள் இருபத்தெட்டாம் நாளில் அதனைப் பெற்றுக்கொண்டனர்.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும். இருபத்தெட்டு நாளில் அவர்கள் வானிலே பறந்த நேரம் ஏறக்குறைய 135 மணித்தியாலமே. ஆறு நாளுக்கும் குறைவு. எஞ்சிய இருபத்திரண்டு நாளும் நிலத்திலே கழிந்தன. மழை, சேறு, பழுது, எரிபொருள், உறக்கம் என்பன அவற்றை விழுங்கின. பறக்கும் நேரம் வேறு, போய்ச்சேரும் நேரம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1935 ஏப்பிரிலில் பொதுமக்களும் பயணச்சீட்டுப் பெற்று இலண்டனிலிருந்து பிரிஸ்பேன் வரை செல்லும் சேவை தொடங்கிற்று. பயணம் பன்னிரண்டரை நாள். அதில் ஐரோப்பாவின் ஒரு பகுதியை இரயிலிலேயே கடக்க வேண்டியிருந்தது. 1938இல் 'பறக்கும் படகு' எனப்பட்ட பெரிய கடல் விமானங்கள் சதம்ரனிலிருந்து சிட்னி வரை ஓடத் தொடங்கின. பயணம் ஏறக்குறையப் பத்து நாளாயிற்று. அவை ஓடுபாதையை வேண்டா. ஆற்றிலும் ஏரியிலும் துறைமுகத்திலும் இறங்கின. இரவில் அவை பறப்பதில்லை. மாலையில் எங்கேனும் ஒரு நீர்நிலையில் இறங்க, பயணிகள் கரையேறி விடுதியிலே உண்டு உறங்கி, விடியலில் மீண்டும் ஏறினர். கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர், டார்வின் எனச் சங்கிலிபோல் நீண்ட வழி அது. அச்சங்கிலியிலே இலங்கை ஒரு கண்ணியாக இருக்கவில்லை.

அறுந்த வழி

சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அடுத்து யாவாவும் அந்தமானும் வீழ்ந்தன. இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்த வான்வழி நடுவிலே அறுந்தது. மைல் ஒன்றேனும் கூடவில்லை. ஆயினும் அவ்விரு நாடுகளும் ஒரே நாளில் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகிவிட்டன.

போர் நம் வாசலுக்கும் வந்தது. 1942 ஏப்பிரில் 4ஆந் திகதி காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியிலிருந்து கனடா நாட்டு வீரர் லெனாட் பேர்ச்சல் என்பார் கற்றலினா வகைக் கடல் விமானமொன்றிலே ரோந்து சென்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டார். கண்டதை வானொலியில் அறிவித்தார். அதன்பின் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை சிறையிருந்தார். மறுநாள் கொழும்பின் மீதும், ஏப்பிரில் 9ஆந் திகதி திருகோணமலையின் மீதும் குண்டுகள் வீழ்ந்தன.

அறுந்த வழியை மீண்டும் முடியவேண்டுமாயின் முடிச்சு எங்கே விழுதல் கூடும்? உலகப் படத்தைப் பார்ப்போர்க்கு விடை எளிது. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கோடியிலே பேர்த் நகரம். அதற்கு நேரே வடமேற்கில், இந்து மாகடலின் மறுகரையில், பகைவர் கையிற் படாமல் எஞ்சியிருந்தது இலங்கை. இடையே ஏறக்குறைய 3,500 மைல், அஃதாவது 5,650 கிலோமீற்றர் கடல். அதற்கு முன்னர் எந்த விமானச் சேவையும் இவ்வளவு தூரத்தை இடையில் இறங்காமற் கடந்ததில்லை.

மூன்று ஆசனம்

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவாண்டாஸ் என்னும் அவுஸ்திரேலிய விமானச் சேவை இப்பணியை மேற்கொண்டது. பேர்த்திலே சுவான் ஆற்றின் நீர்ப்பரப்பிலிருந்து கொக்கலை வாவி வரை கற்றலினா விமானங்கள் ஐந்து மாறிமாறிப் பறந்தன. இங்கிருந்து பயணிகளும் தபாலும் கராச்சி வழியாக இலண்டன் நோக்கிச் சென்றனர்.

கற்றலினா விரைந்து செல்லும் பறவையன்று. மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகமே அதற்குப் பெரிது. எனவே அது கடலைக் கடக்க 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. இக்காலத்து விமானம் மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பதாகக் கொண்டால், அதே தூரத்துக்கு ஏழு மணித்தியாலமும் வேண்டா.

முப்பது மணித்தியாலம் இறங்காமற் பறப்பதற்கு எரிபொருள் எவ்வளவு வேண்டும்? ஏறக்குறைய 2,000 கலன். அதனை ஏற்றுவதற்காக விமானத்தின் உள்ளறையிலேயே மேலதிகத் தாங்கிகள் வைக்கப்பட்டன. துப்பாக்கிகளும் காப்புத் தகடுகளும் கழற்றப்பட்டன. பகைவர் எதிர்ப்பட்டால் தப்பியோடுவதற்கு வேகமும் இல்லை. எதிர்த்து நிற்பதற்குப் படைக்கலமும் இல்லை. இவ்வளவும் ஏற்றியபின் எஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் எழுபது கிலோகிராம் தபாலுக்குமே போதுமாயிருந்தது. புறப்பட்ட முதற் பல மணிநேரத்துக்குள் இரண்டு பொறிகளில் ஒன்று நின்றுவிடுமாயின், அப்பாரத்தோடு மற்றையது தனியே விமானத்தைத் தாங்கவல்லதன்று. ஆயினும் 271 முறை அவை கடலைக் கடந்தன, ஒருயிரும் போகவில்லை.

பழைய கணக்கிற் சொல்லிப் பார்ப்போம். 3,500 மைல் என்பது ஏறக்குறைய 2,500 நாழிகை வழி. கடல் நிலமாயிருந்து, ஒருவன் இரவும் பகலும் ஓயாது நடந்தால் நாற்பத்தொரு நாளுக்கு மேற்செல்லும். கற்றலினா அதனை எழுபத்தைந்து நாழிகையிற் கடந்தது. ஆனால் அந்த எழுபத்தைந்து நாழிகை எவருக்குக் கிடைத்தது? ஒரு பயணத்துக்கு மூவருக்கு. படைத்தலைவரும் அரசாங்க அலுவலருமே அவ்வாசனங்களில் அமர்ந்தனர். அவ்வேளையில் இலண்டனிலே தாய் இறக்கக் கிடந்த சிட்னி நகரத்துச் சாதாரண மனிதன் ஒருவனுக்கு அவ்வழி இருந்தும் இல்லாததே. வழி திறந்திருக்கிறது என்று சொல்லும்போது, எவருக்கு என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும்.

நாள்மீன் காட்டிய வழி

பகைவர் செவியிற் படாமலிருக்கும் பொருட்டு விமானங்கள் வானொலியைப் பயன்படுத்தாது பறந்தன. பகைவர் ஆட்சிக்கு அண்மையான பகுதியை இருளிலே கடக்குமாறு புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. கீழே விளக்கமில்லை, தீவில்லை, குரலில்லை. வழி காட்டியவை விண்மீன்களே.

ஐந்து விமானங்களுக்கும் மாலுமிகள் வழியறிவதற்குப் பயன்படுத்தும் விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டிருந்தன: அல்ரயர், வேகா, றைஜெல், அன்ராறெஸ், ஸ்பைக்கா. இப்பெயர்களை வாசித்தபோது யான் அடைந்த மகிழ்ச்சியை வாசகர் மன்னிப்பாராக. இவை நமக்கு அயலார் அல்லர். அல்ரயர் நமது திருவோணம். வேகா, இருபத்தேழு நாள்மீன்களோடு இருபத்தெட்டாவதாகச் சிலர் எண்ணும் அபிசித்து. செந்நிறத்ததாகிய அன்ராறெஸ் நமது கேட்டை. ஸ்பைக்கா நமது சித்திரை. ஆண்டின் முதல் மாதத்துக்கே பெயர் தந்தது. றைஜெல் ஒன்றுமட்டும் நமது இருபத்தேழினுள் இல்லை; எனினும் திருவாதிரை ஒளிரும் அதே மண்டலத்தின் மறுகோடியிலேயே அதுவும் நிற்கின்றது. சாதகம் கணிப்போர் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்களைத் தாங்கிய ஊர்திகள் கொக்கலை வாவியிலே மிதந்தன. நம்மவர் எவரும் அதனை அறிந்திலர். சேவை முழுதும் இரகசியமாக நடந்தது.

விண்மீனைக் கொண்டு இடமறிதல் எவ்வாறு? வழிகாட்டி ஒருவர் கோணமானியால் மீனின் உயரத்தை அளந்து, அவ்வேளையைக் கடிகாரத்திற் குறிப்பார். பூமி ஒரு நாளில், அஃதாவது அறுபது நாழிகையில், 360 பாகை சுழல்கின்றது. எனவே ஒரு நாழிகைக்கு ஆறு பாகை. ஆகையால் கடிகாரம் ஒரு நிமிடம் பிழைத்தால், நடுக்கோட்டுக்கு அண்மையில் விமானத்தின் இடம் பதினைந்து கடல்மைல் பிழைத்துவிடும். அங்கே காலமும் தூரமும் இரண்டல்ல; ஒன்றன் பிழை மற்றையதன் பிழை. எரிபொருள் அளவாக உள்ள விமானத்துக்கு அப்பிழையின் விலை உயிர். 'நாழிகை வழி' என்னும் பழஞ்சொல்லின் நுட்பம் எனக்கு முழுமையாக விளங்கியது இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோதேயாம்.

இருமுறை உதயம்

அப்பயணிகள் வானிலிருந்தே சூரியோதயத்தை இருமுறை கண்டனர். புறப்பட்ட நாளின் உதயம் ஒன்று, மறுநாளின் உதயம் மற்றொன்று. அதனால் இச்சேவைக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வானில் இருந்தமைக்காக, 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு'வில் உறுப்பினராயினர் என்று பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் அளிக்கப்பட்டது.

இதனை வாசித்தபோது எனக்கு மற்றொரு பயணம் நினைவுக்கு வந்தது. 2019 நவம்பரில் அதே குவாண்டாஸ் சேவை இலண்டனிலிருந்து சிட்னிக்கு இடைநில்லாப் பரிசோதனைப் பயணமொன்றை நடத்தியது. 17,800 கிலோமீற்றர் தூரத்தை விமானம் 19 மணித்தியாலம் 19 நிமிடத்திற் கடந்தது. அதிற் சென்றோரும் இரண்டு உதயங்களைக் கண்டனர். ஆனால் காரணம் வேறு. கிழக்கு நோக்கி விரைந்து செல்வோன் சூரியனை எதிர்கொண்டு செல்கின்றான். அவனுக்குப் பகலும் சுருங்கும், இரவும் சுருங்கும். 1943இல் இரண்டாவது உதயம் வந்தது பயணம் நாளினும் நீண்டதனால். 2019இல் அது வந்தது நாள் பயணத்தினுள் அடங்குமாறு சுருங்கியதனால். ஒரே காட்சி, அதன் பின்னே எழுபத்தாறு ஆண்டுகளின் வேறுபாடு.

ஊர் இழந்தோர்

வானிலே நடந்ததை மட்டும் எழுதி முடித்தால் கதை பாதியே ஆகும். கொக்கலை வெறும் நீர்ப்பரப்பு அன்று. அஃது ஓர் ஊர். நவீன சிங்கள இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இற் பிறந்த ஊர். 1944இல் வெளிவந்த அவருடைய 'கம்பெரலிய' என்னும் நாவல் அவ்வூர் வாழ்வையே களமாகக் கொண்டது. தமிழிலும் பெயர்க்கப்பட்டு நம் வாசகர்க்கும் அறிமுகமானது.

போர்க்காலத்திலே விமானத்தளம் அமைப்பதற்காக அவ்வூர் மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்கவின் வீடு மட்டும், ஆங்கிலேய அதிகாரிகள் தங்குவதற்குப் பயன்பட்டமையால், இடிபடாது தப்பிற்று. இன்று அது நாட்டார் அரும்பொருட்சாலையொன்றின் பகுதியாக நிற்கின்றது. மற்றை வீடுகளின் அடையாளத்தை எவர் காட்டுவார்?

இலண்டனையும் அவுஸ்திரேலியாவையும் அண்மையாக்கும் பொருட்டுக் கொக்கலை மக்களுக்கு அவர்களுடைய சொந்த முற்றமே சேய்மையாயிற்று. ஊரைவிட்டு ஒருநாளிற் புறப்பட நேர்வது இன்னதென்று நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வாவியின் மேலே எழுந்த விமானத்துக்குப் பேர்த் முப்பது மணித்தியாலம். வெளியேறிய குடியானவனுக்கு, இரண்டு கட்டை தூரத்திலிருந்த தன் கிணற்றடி எத்தனை மணித்தியாலம்? அதற்குக் கணக்கில்லை. போரின் அவசியத்தை யான் மறுக்கின்றேனல்லேன். தூரம் குறைக்கப்படும்போது அதன் விலையை எவரோ ஒருவர் செலுத்துகின்றார் என்பதையே சொல்ல விழைகின்றேன்.

பின்னர் நடந்தவை

1944 நடுப்பகுதியிலிருந்து லிபறேற்றர் என்னும் தரைவிமானங்களும் இவ்வழியிற் சேர்ந்தன. அவை இரத்மலானையில் இறங்கின. முப்பது மணித்தியாலம் ஏறக்குறையப் பதினேழாகக் குறைந்தது. கற்றலினாச் சேவை 1945 யூலையில் முடிவுற்றது. போர் ஓய்ந்ததும், அமெரிக்கரோடு செய்த கடன் உடன்படிக்கையின் நிபந்தனைப்படி அவ்வைந்து விமானங்களும் அவுஸ்திரேலியக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டன. திருவோணமும் கேட்டையும் சித்திரையும் கடலடியிற் கிடக்கின்றன.

1947 டிசம்பரிலே கொன்ஸ்ரலேசன் வகை விமானம் சிட்னியிலிருந்து ஆறிடங்களில் நின்று நான்கு நாளில் இலண்டனை அடைந்தது. அவ்விமானம் ஏற்றிச் சென்ற பயணிகள் இருபத்தொன்பதின்மர். சென்று மீளக் கட்டணம் 585 பவுண். இடம் இருந்தது, எனினும் உழைத்துண்பார்க்கு அது எட்டாக் கனியே. 1959இல் தாரை விமானங்கள் வந்தன. நாள் கணக்கு மணிக் கணக்காயிற்று. 1989 ஓகஸ்ட்டில் கட்டணப் பயணிகள் எவருமின்றிப் புதிய போயிங் விமானமொன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணித்தியாலம் 9 நிமிடத்தில் இறங்காமற் பறந்தது. 2018 மார்ச்சில் பேர்த்துக்கும் இலண்டனுக்குமிடையே 14,498 கிலோமீற்றர் தூரத்தை ஏறக்குறையப் பதினேழு மணித்தியாலத்திற் கடக்கும் இடைநில்லாச் சேவை தொடங்கிற்று. ஒரு காலத்தில் கொக்கலை இன்றி அடையவியலாதிருந்த பேர்த், இலங்கைக்கு முகம் திருப்பிப் பாராமலே இலண்டனை அடைந்துவிட்டது. சிட்னியையும் அவ்வாறே இலண்டனோடு நேரே இணைக்கும் முயற்சிக்கு அச்சேவையார் 'சூரியோதயத் திட்டம்' எனப் பெயரிட்டுள்ளனர். கொக்கலைப் பயணங்களின் நினைவே அப்பெயர்.

இருபத்தெட்டு நாள், பன்னிரண்டரை நாள், நான்கு நாள், பத்தொன்பது மணித்தியாலம் என நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றது. தூரமோ அன்றும் இன்றும் பதினேழாயிரம் கிலோமீற்றர். அதிலே மனிதன் ஒரு முழந்தானும் குறைத்தானல்லன்.

சேய்

அம்மாணவனை மறுபடியும் அழைத்து, யான் கண்டவற்றைச் சுருக்கிக் கூறினேன். "உமது அண்ணர் பிந்தியது அவர் அன்பின் குறையன்று. பறக்கும் நேரம் வேறு, போய்ச்சேரும் நேரம் வேறு. 1919இல் வந்த வீரர்க்கும் இருபத்திரண்டு நாள் நிலத்திலேயே கழிந்தது. நிலத்திலே காத்திருந்த நேரமே உமது அண்ணரையும் பிந்தவைத்தது. இதனை அவருக்கு எழுதும்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "அம்மாவுக்குத்தான் ஐயா இதைச் சொல்லவேணும். அண்ணர் பிந்தினதை நினைச்சு அம்மாதான் அழுகிறவ" என்றான்.

தமிழிலே 'சேய்' என்றொரு சொல் உண்டு. அதற்குத் தூரம் என்பது ஒரு பொருள். பிள்ளை என்பது மற்றொரு பொருள். இரண்டும் வெவ்வேறு சொற்கள் ஒரே வடிவில் வழங்குவன என்பர் அகராதியார். இலக்கண ஆசிரியனாகிய யானும் வகுப்பிலே அவ்வாறே கற்பித்து வந்தேன். இனியும் அவ்வாறே கற்பிப்பேன். ஆயினும் ஒரு பிள்ளை இலண்டனிலும் ஒரு பிள்ளை சிட்னியிலுமாக, நடுவிலே யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் தாய்மார் பலர்க்கு அவ்விரண்டு பொருளும் இன்று ஒன்றாகிவிட்டன. அவர்களுக்கு மைலும் வேண்டா, மணித்தியாலமும் வேண்டா. அவர்கள் கேட்பது கூப்பிடு தூரம் ஒன்றே. தொலைபேசியில் குரல் எட்டுகின்றது. அழைத்தால் ஆள் வந்துசேரும் தூரமாக அது இன்னும் ஆகவில்லை.

மாணவன் அண்ணருக்குக் கடிதம் எழுதினானா என யான் கேட்கவில்லை. ஆனால் சென்ற வாரம் அவன் என்னிடம் வந்து, அந்தியேட்டிக்கு அண்ணர் மீண்டும் வருவதாகவும், இம்முறை இரண்டு நாள் முந்தியே புறப்படுவதாகவும் சொன்னான்.